கேக்க மட்டும் ஒரு பொட்டி

லைட்டு எரியுது. அதத்தான் மொதல்ல காட்டுதான். பாருங்கக்கா, ஒரு தட்டு தட்டுனா செவப்பு, இன்னொரு தட்டு தட்டுனா பச்சன்னு சொல்லி, கடைக்காரன் ஜெபநேசன் அந்த ரேடியோவக் கண்ணாடிப் பலகை மேல வச்சு இப்படியும் அப்படியும் திருப்புதான், நான் என்னமோ கிறிஸ்மஸ் குடில் ஜோடிக்க வந்தவ மாதிரி. செல்போன்ல இருந்து பாட்டு அனுப்பலாமாம், பென்டிரைவ் சொருவலாமாம், கரண்டு போனா டார்ச்சாவும் ஆகுமாம். தோசை சுடுமா அண்ணாச்சின்னு கேட்டேன். ஹெஹ்ஹேன்னு சிரிக்கான். பக்கத்துல நிக்க என் கொழுந்தன் பெலிக்ஸும் சிரிக்கான். எதுக்குச் சிரிக்கோம்னு அவனுக்கே தெரியாது, யாராவது சிரிச்சா இவனும் சிரிக்கணும், பொறந்ததுல இருந்து அப்படி. கடைக்குள்ள நுழைஞ்ச ஒடனேயே தெளிவாத்தான் சொன்னேன், அண்ணாச்சி, தோணிக்காரனுவ பேசுற ஒயர்லெஸ் கேக்கணும், சிங்கிள் சைடுபேண்டு எடுக்கற ரேடியோ வேணும், கையில தூக்கிட்டுப் போற மாதிரி சின்னதான்னு. கோழி பேசுனா எப்படிப் பாப்பானுவளோ அப்படிப் பாத்தானுவ ரெண்டு பேரும். பொம்பள வாயில சைடுபேண்டு வரப்பிடாது போல. மஞ்சத்தூள் வரலாம், பாவாடை நாடா வரலாம். ஒடனே பெலிக்ஸ் முன்னால வந்து நின்னுக்கிட்டு, எங்க மைனிக்கு என்ன வேணும்னா அண்ணாச்சின்னு ஆரம்பிக்கான், நான் ஊமை மாதிரியும் இவன் எனக்கு வாய் மாதிரியும். அதுவும் நான் சொன்னதத் தப்புத் தப்பாச் சொல்லுதான். எங்கண்ணன் ரெமிஜியூஸ் தண்டலாக்கும், உப்பு ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குப் போயிருக்கான்னு நடுவுல ஒரு பெருமை வேற. தண்டல்னா தோணிக்குக் கேப்டன். கப்பல் கேப்டன் தொப்பி போடுவான், எங்க வீட்டு மனுசன் தலையில துண்டு கட்டுவாரு, வித்தியாசம் அவ்வளவுதான். பவுசுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. இந்த பெலிக்ஸ் அதே தோணியில கலாசியா, அதான் தோணி வேலைக்காரனா, ரெண்டு நடை போயி, ரெண்டு நடையும் வாளி வாளியா வாந்தி எடுத்துட்டு வந்து எறங்குனவன். இப்ப கரையில நின்னுக்கிட்டு ஊருக்கெல்லாம் கடலப் பத்திப் பாடம் நடத்துதான்.

போட்டுத்தான் காட்டுங்களேன்னு சொன்னேன். மணி அஞ்சாகப் போவுது, தோணிக்காரனுவ ஆபீஸோட பேசுற நேரம். பெலிக்ஸ் நம்பரச் சொன்னான், ஜெபநேசன் தட்டுனான். கொர்ர்ருன்னு ஒரே இரைச்சல், அதுக்குள்ள வாத்து கத்துற மாதிரி ஒண்ணு. ஆஹா, எடுக்குது பாத்தீங்களாக்காங்கான். என்ன எடுக்குது, வாத்த எடுக்குது. அந்த வாத்த மனுசனாக்கத்தானே அண்ணாச்சி சைடுபேண்டு கேக்கேன், இதுல அது இல்லவே இல்லியேன்னேன். இருக்குமேன்னு டப்பாவத் திருப்பித் திருப்பிப் படிக்கான். பொட்டியில இல்லாதது டப்பாவுல எங்கருந்து வரும். எனக்கு இந்த வாத்துச் சத்தம் நல்லாத் தெரியும். தோணி ஆபீஸ் வாசல்ல பெஞ்சு ஒண்ணு கெடக்கு, பொம்பளைங்க உக்காருறதுக்குன்னே போட்டது. உள்ள போவப்பிடாது. ஒயர்லெஸ் பக்கத்துல பொம்பள வந்தா ஆவாதாம், காத்து மாறிருமாம். காத்துக்கு வேற வேலை இல்ல பாருங்க, எவ எங்க நிக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கு. உள்ள கணக்கப்பிள்ளை பொன்னுலிங்கம் ஒரு கன்னத்துல பாக்க அடக்கிக்கிட்டு, மைக்கப் புடிச்சுக்கிட்டு, உலகத்தையே ஆளுத மாதிரி உக்காந்துருப்பாரு. சன்னல் வழியா மொதல்ல வாத்து கேக்கும். ஒரு சின்னக் குமிழத் திருப்புவாரு, வாத்து கொஞ்சங் கொஞ்சமா மனுசனாவும், நல்லா மனுசனாகி வார நேரத்துல எந்திரிச்சு வந்து சன்னலச் சாத்திருவாரு. அப்புறம் வெளிய வந்து பெஞ்சப் பாத்து, எல்லாம் சுகம், எல்லாம் சுகம், போங்கன்னுவாரு. மழை அடிச்சாலும் சுகம், மோட்டார் நின்னு தோணி சும்மா மெதந்தாலும் சுகம். போன வருசம் ஒரு கலாசிக்குக் காலு முறிஞ்ச அன்னைக்கும் இதே சுகந்தான். அவன் பொஞ்சாதி அதக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயி நிம்மதியா மீன் கொழம்பு வச்சா. அந்த ஆளு வாயில இருந்து பாக்கோட சேந்து வார சுகத்த நம்புறதுக்கு நான் கோட்டிக்காரி இல்ல. எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், எங்க வீட்டு மனுசன் கொரல என் காதால கேட்டா போதும்.

இருமல்தான் விசயம். தவக்காலத்துல ஆரம்பிச்ச இருமல், ஈஸ்டருக்குப் போயிரும்னாரு, ஈஸ்டர் போச்சு, இருமல் போவல. மாதா கோயில் தேருக்கு வடம் புடிக்கப் போனவரு பாதியில கைய எடுத்துட்டு ஓரமா நின்னாரு, செருப்பு அறுந்துட்டுன்னு என்கிட்ட பொய். அறுந்த செருப்ப அன்னைக்கு ராத்திரி எடுத்துப் பாத்தேன், ரெண்டு வாரும் கல்லு மாதிரி இருக்கு. இழுத்துக்கிட்டுப் போயி டாக்டர்கிட்ட விட்டேன், அந்த டாக்டரு ஒரு தனிப் பிறவி, முதுகுல கொழல வச்சுட்டு சீலிங்கப் பாக்கான், ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னான். வெளிய வந்ததும் இந்த மனுசன் சீட்ட மடிச்சுப் பல்லு குத்துனாரு. உப்புக் காத்துட்டி, உப்பு ஏத்துறவன் இருமாம என்ன செய்வான்னாரு. மறுநாள் தோணி. அன்னைக்கு அடுப்படியில நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான், அவரு தரையில உக்காந்து சாப்புடுதாரு, எனக்கு ஆத்தாமையா வந்துச்சு, கரண்டியும் கையுமா நின்னு ஏசுனேன். ரெண்டு கடலத் தாண்டுவீரு, ஆஸ்பத்திரிப் படி ஏற மட்டும் காலு கூசுதோ, நடுக்கடல்ல செத்துத் தொலைஞ்சா தூக்கிட்டு வர தோணியில ஐஸு கூட கெடையாது, உப்பப் போட்டுத்தான் கொண்டு வருவானுவ, கருவாடா வந்து எறங்கும், நானே கூறு கட்டி விக்கேன். சிரிச்சாரு. சோத்துக் கையோட அப்படி ஒரு சிரிப்பு. சிரிப்பு இருமலாச்சு, இருமல் நிக்கல, எந்திரிச்சுப் போயி தொட்டியில துப்பிட்டு நான் பாக்கதுக்குள்ள கொழாயத் தொறந்து விட்டுட்டாரு. என்னத்தத் துப்புனாருன்னு இன்னும் எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னயப் போட்டு அரிக்கி. ஆபீஸ்ல போயி, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. நோவுக்காரன் கையில எவன் தோணியக் குடுப்பான். இந்த மொதலாளி மட்டும் இல்ல, துறைமுகத்துல ஒருத்தன் குடுக்க மாட்டான், தண்டல் போயிரும், அந்தப் பேரு போனா அந்த மனுசன் கட்டுல விட்டு எந்திரிக்க மாட்டாரு. சொல்லாம இருந்தா, உப்ப எறக்குனதும் வீட்டுக்கு வரல, அங்கருந்தே வேற தீவுக்கு லோடு புடிச்சிருக்கானுவ, கிறிஸ்மஸ் கழிஞ்சுதான் வருவானுவ. அதுவரைக்கும் அந்த நெஞ்சு தாங்கணும். வெறும் இருமல்னா சும்மா நான் வாயத் தொறந்து அவரு பொழப்பக் கெடுத்தவளாவேன். வெறும் இருமல் இல்லன்னா வாய மூடிக்கிட்டு ஆளையே கொன்னவளாவேன். நடுக்கடல்ல செல்போன் கெடையாது; கரை எறங்குனா உண்டு, ஆனா போன நடை மாலத்தீவுல எறங்கி ஒரு தடவ கூட பேசல, கட்டவிரல் படம் அனுப்புனாரு. நான் பேசுங்கன்னு அனுப்புனா திரும்பவும் கட்டவிரல். ஒரு மனுசனுக்கு ஒடம்புல கட்டவிரல் மட்டுந்தான் மிஞ்சுன மாதிரி. பேசுனா மூச்சு காட்டிக் குடுத்துரும்னு பயமா. இல்ல பக்கத்துல எவளாவது இருந்தாளா. தோணிக்காரனுவளப் பத்தி ஊர்ல சொல்லாத கதையா. அவளா இருந்தா தேவலன்னு ஒரு நாள் பூசையில முழங்கால் போட்டு நிக்கும்போது தோணுச்சு. எவளாவது இருந்தா மயிரப் புடிச்சு இழுத்துட்டு வந்துரலாம், நெஞ்சுக்குள்ள இருக்கத எதப் புடிச்சு இழுக்க. பூசையில நெனைக்கிற நெனப்பா இது, தூ.

ரெண்டாவது ரேடியோவ எடுத்துட்டு வந்துட்டான். இதுல பட்டன் இருக்குக்கா, நீங்க கேட்ட சைடுபேண்டு, பாருங்க எழுதியே இருக்கு. எழுதி இருக்கறதெல்லாம் நடந்தா நாட்டுல யாரு கஷ்டப்படுவா. ஜெபநேசனுக்கு இப்ப வாய் தொறந்துட்டு, பாடம் எடுக்கான். கொரல ரெண்டா வகுந்து ஒரு பாதியத்தான் அனுப்புவாங்களாம். கொரலச் சுமந்துக்கிட்டு வார அலையவும் அங்கேயே நிப்பாட்டிருவாங்களாம், செலவு மிச்சமாம், தூரமாப் போவுமாம். இங்கன இருக்க நம்ம பொட்டி அந்த அலையத் தானே உண்டாக்கி, வந்த பாதியோட சேத்து முழுக்கொரல் ஆக்கணுமாம். கொஞ்சம் முன்ன பின்ன சேத்துட்டா வாத்து, இல்லாட்டி பேய். அங்க இருக்கவன் பாதிய அனுப்புவான், மீதிய இங்க இருக்கவ போட்டு நெரப்பணும். இதுக்கு எதுக்குய்யா ரேடியோ, இதத்தான நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து செஞ்சுக்கிட்டு இருக்கேன். பட்டன அமுக்குனான். வாத்து பேயாச்சு. இன்னொரு தட்டு, பேய் திரும்ப வாத்தாச்சு. நடுவுல மனுசன் நிக்க எடமே இல்ல, இந்தப் பொட்டி தாவித் தாவித்தான் போவுது, மனுசன் நிக்க எடத்தத் தாண்டித் தாண்டிக் குதிக்கி. பழகுனா காது ஏத்துக்கிடும்க்காங்கான். பழகிக்கிடுங்க, ஏத்துக்கிடுங்க, போங்க, சுகம். எல்லாவனும் ஒரே பள்ளிக்கொடத்துல படிச்சவனுவ போல. பேயா இருந்தா என்ன மைனி, என்ன சொல்லுதாங்கதுதான முக்கியம்னு பெலிக்ஸ் இடையில விழுதான். என்ன சொல்லுவாருன்னுதான் எனக்குத் தெரியுமே, எலே. சுகம்னுதான் சொல்லுவாரு. எப்படிச் சொல்லுதாருன்னு கேக்கத்தான வந்துருக்கேன். இவனுக்கு அது வெளங்கணும்னா இவன் மறுபடி பொறக்கணும்.

கண்ணாடிக்குள்ள அடியில, பழைய சார்ஜர் குப்பைக்கு நடுவுல, கறுப்பா ஒண்ணு கெடந்துச்சு. அது என்னன்னேன். அது பழசுக்கா, கப்பல்ல வந்த வெள்ளக்காரன் ஒருத்தன் வித்துட்டுப் போனது, மூல ஒடஞ்சிருக்கு, பாக்கவே நல்லா இருக்காதுன்னான். நான் என்ன அதுக்கு மாப்பிள்ள பாக்கவா போறேன், எடுங்கன்னேன். எடுத்தான். விலாவுல ஒரு சின்னச் சக்கரம் இருந்துச்சு, கட்டவிரல் பட்டாலே நகருற மாதிரி. ஏரியல இழுத்துவிட்டுப் போட்டா கடை டியூப்லைட்டு இரைச்சல் காதக் கிழிக்கி. லைட்ட அணைங்கன்னேன். கடையில மாட்டிருக்க கேமராவையும், சார்ஜரையும், எல்லாத்தையும் அணைங்க அண்ணாச்சி, இந்த ஒயர ஏரியல்ல கடிக்கவிட்டு வெளிய சட்டர்ல கொண்டு மாட்டுங்க. வேத்து வழிய ஸ்டூல்ல ஏறி மாட்டுனான். கடை இருண்டதும் ரேடியோ அமைதியாச்சு, அந்த அமைதிக்குள்ள வாத்து ஒண்ணு தெளிவா வந்துச்சு. சக்கரத்த நானே உருட்டுனேன். வாத்து ஒல்லிப் பய ஆச்சு, ஒல்லிப் பய பெரிய ஆளானான், ஆளு கனமா வந்து நின்னான், பொன்னுலிங்கம். பாக்கோட. எல்லாம் சுகமா, ஓவர்ங்காரு. பக்கத்துத் தெருவுல இருக்க ஆபீஸ், கொரல் இடி மாதிரி விழுது. அப்புறம் தூரத்துல இருந்து, கெணத்துக்குள்ள இருந்து வார மாதிரி, சுகம், காத்து தெக்க, ஓவர். அவ்வளவுதான். அவருதான். அவருதானா. மெலிஞ்சிருக்கு, கொரல் நூலாட்டம் இருக்கு. ஆனா நான்தான சக்கரத்த உருட்டுனேன், நான் இன்னும் கொஞ்சம் உருட்டிருந்தா தடிமனாவும் ஆயிருக்கும். நோவு அவருக்கா, என் கட்டவிரலுக்கா. இத எவன்ட்டப் போயிக் கேக்க. வீட்ல சுகம்னு சொல்லிருதேன், ஓவர்னு பொன்னுலிங்கம் அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு. இப்படி ஒரு சுகத்துக்குத்தான் நான் இத்தன வருசமா அந்தப் பெஞ்சத் தேச்சிருக்கேன். அடுத்து சூசை தண்டல் வந்தாரு, எங்க தெருக்காரரு. வாத்தா வந்தாரு. அப்பத்தான் எனக்கு ஒரு புத்தி வந்துச்சு. கரையில இருந்தா ஞாயித்துக்கெழம தோறும் கோயில்ல வாசகம் வாசிக்கறது சூசைதான், மைக்கு முன்னால நின்னு அறுப்பாரு அறுப்பு, பாதிக் கோயில் தூங்கும், அந்தக் கொரல் எனக்கு மனப்பாடம். ஒரு மசுரு முன்ன பின்ன ஆனாலும் தெரிஞ்சிரும். சூசை கோயில்ல வாசிக்கற மாதிரி வார வரைக்கும் சக்கரத்த உருட்டுனேன், வந்ததும் கைய எடுத்துட்டேன். யாரும் தொடப்பிடாதுன்னேன். இனி எங்க வீட்டுக்காரரு வந்தா அவரு கொரல் அவரு கொரல்தான். ஆனா அவரு முறை முடிஞ்சுபோச்சு. பொன்னுலிங்கம் எல்லாரையும் சுகமாக்கிட்டு மைக்க வச்சுட்டாரு.

அவ்வளவுதானா, நாளைக்குத்தானான்னு நான் நிக்கேன். இனி எல்லாவனும் கீழ போயிருவானுவல்லான்னு பெலிக்ஸ் சொன்னான். சொன்ன ஒடனே நாக்கக் கடிச்சான். எங்க கீழன்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல மைனி. எலே, எங்க கீழ. தண்டல்மாருவ அவங்களுக்குள்ள பேசிக்கிடுவாங்க மைனி, வேற நம்பர்ல, ஆபீஸுக்குத் தெரியாது, அதெல்லாம் பொம்பளைங்க கேக்கற பேச்சு இல்ல. நான் அவனப் பாத்தேன். அவங்கண்ணன் என்கிட்ட ஒரு பார்வைக்குப் பணிஞ்சு பழகுன குடும்பம் அது, நம்பரச் சொல்லிட்டான். ஜெபநேசன் தட்டுனான். சக்கரத்த யாரும் தொடல. மொதல்ல சிரிப்பு வந்துச்சு, நாலஞ்சு ஆம்பளைங்க சிரிப்பு. அதுக்கு மேல ஒரு பொம்பள கொரல். கீச்சுக் கீச்சுன்னு ஒருத்தி பேசுதா, வார்த்த பிடிபடல, ஆம்பளைங்க சிரிக்கானுவ, ரெமிஜி, ரெமிஜின்னு சிரிக்கானுவ. அப்ப இருக்கா. தோணியிலயே வச்சிருக்காரு. கரையில நான் மைக்குப் பக்கம் போனா காத்து மாறும், அங்க நடுக்கடல்ல எவளோ ஒருத்தி மைக்கக் கையில வச்சுக்கிட்டுக் கொஞ்சுதா, காத்துக்கு ஒண்ணும் ஆவல. ஸ்கேன் சீட்டுல பல்லுக் குத்துனது எதுக்குன்னு இப்பத்தான தெரியுது. எடுபட்ட மூதி. நான் முழங்கால்ல நின்னு கேட்டத மாதா இவ்வளவு சுருக்காக் குடுப்பான்னு நெனைக்கல. தேவலன்னுதான நெனச்சேன், இப்ப ஏன் அப்படித் தோணல. சக்கரம் ஏறிருக்குக்கா, ஆம்பள கொரல்தான் பொம்பள மாதிரி கீச்சுங்குதுன்னு ஜெபநேசன் கைய நீட்டுதான். எனக்கு அதுல ஒரு நப்பாசை. நானே கீழ உருட்டுனேன். பொம்பள கொரல் ஆம்பள கொரலாச்சு, ஆனா கூடவே சிரிச்ச சூசை பேயாயிட்டாரு. கோயில்ல வாசிக்கற சூசை இல்ல அது. அப்ப மொதல்ல இருந்ததுதான் சரி. திரும்ப மேல கொண்டு வந்தேன், சூசை சூசையாயி, ரெமிஜி, சும்மாச் சொல்லு, மைனி ஏசுனத மொதல்ல இருந்து சொல்லு, அது கேக்காம எனக்குச் சோறு எறங்கலன்னாரு, அந்தப் பொம்பள திரும்பவும் ஆரம்பிச்சா. ரெண்டு கடலத் தாண்டுவீரு, ஆஸ்பத்திரிப் படி ஏற மட்டும் காலு கூசுதோ.

நான்தான். அந்தப் பொம்பள நான்தான். கரண்டியும் கையுமா நிக்கேன், இடுப்புல சேலையச் சொருவிக்கிட்டு, அந்தக் கூசுதோவுல ஒரு இழுப்பு இழுப்பேன் பாருங்க, அந்த இழுப்பு வரைக்கும் அப்படியே இருக்கு. இந்த மனுசன் என் கொரலத் தூக்கிட்டுப் போயி தோணி தோணியா வித்துக்கிட்டு இருக்காரு. அடுப்படியில ஏசுனத என்ன மாதிரியே கீச்சுக் கொரல்ல அரபிக்கடலுக்கே பேசிக் காட்டுதாரு. எத்தன நாளா நடக்கு இந்தக் கூத்து. அந்தச் சூசை ஞாயித்துக்கெழம பூசையில என்னயப் பாத்துத் தல ஆட்டுவாரே, மனசுக்குள்ள இந்த மாதிரி பழைய ஏச்சு எதையாவது நெனச்சுத்தான் சிரிச்சிருப்பாரு. கோவத்துல காது சுடுது எனக்கு. ஆனா பாருங்க, எங்கயோ ஒரு மூலையில இனிக்கவும் செய்யுது, சவம், அத நான் யார்ட்டயும் ஒத்துக்கிட மாட்டேன். பெலிக்ஸ் தரையப் பாத்துக்கிட்டு நிக்கான், இவனுக்கும் தெரிஞ்சிருக்கு. நடுக்கடல்ல செத்துத் தொலைஞ்சா தூக்கிட்டு வரன்னு நான் சொல்லுதேன், அதாவது அவரு சொல்லுதாரு, சொல்லிட்டு நின்னுட்டாரு. நான் அந்த எடத்துல நிக்க மாட்டேன். அது ஒரே மூச்சுல ஏசுறது, நின்னா ஏச்சு ஏச்சா இருக்காது, இது அவருக்கும் தெரியும். தோணியிலன்னாரு. மூச்சு. ஐஸுன்னாரு. அப்புறம் அந்த இருமல், மைக்க வாயில இருந்து எடுக்காமலேயே, தகரத்துல செங்கல்லப் போட்டு இழுக்கற மாதிரி. நான் சக்கரத்தப் பாத்தேன். சக்கரம் வச்ச எடத்துலதான் இருக்கு. கொரல் தடிமனா ஒல்லியாங்கறதத்தான் அது மாத்தும், மூச்ச அதால வாங்கவும் முடியாது, குடுக்கவும் முடியாது. கூட கெடையாதுன்னு சூசை எடுத்துக் குடுத்தாரு, மெதுவா, வாசகம் வாசிக்கற கொரல்ல. உப்பப் போட்டுத்தான் கொண்டு வருவானுவன்னு இன்னொரு தோணியில இருந்து ஒருத்தன் சொன்னான். கருவாடா வந்து எறங்கும்னான் இன்னொருத்தன், யாருன்னே எனக்குத் தெரியாது. எல்லாவனுக்கும் மனப்பாடம். தெனமும் இப்படித்தான் ஆளுக்கொரு வரியா முடிச்சு வைக்கானுவ போல, பழகிப் போன கொரலாத்தான் இருக்கு. யாரும் சிரிக்கல. கடைசி வரிய மட்டும் அவருக்குன்னு விட்டு வச்சிருக்கானுவ. அது வரல. இரைச்சல்தான் வருது. ரெமிஜின்னாரு சூசை. ரெமிஜி, கேக்குதா. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு கொரல், என் கொரல் இல்ல, அவரு சொந்தக் கொரல், கேக்குது, ஆபீஸ்லன்னாரு, நடுவுல ஒரு மூச்சு வாங்கிட்டு, சொல்லிராதீங்கன்னாரு.

நானே கூறு கட்டி விக்கேன்னு நான் சொன்னேன். இருட்டுக் கடையில, அந்த மூல ஒடஞ்ச பொட்டியப் பாத்து, சத்தமா. அக்கா, அதுல பேச முடியாதுக்கா, கேக்க மட்டுந்தான்னு ஜெபநேசன் பயந்து போயிச் சொல்லுதான், எனக்குப் பேய் புடிச்சிட்டுன்னு நெனச்சிருப்பான். தெரியும் அண்ணாச்சின்னேன். கண்ணத் தொடைக்கக் கூட எனக்கு நேரம் இல்ல, பொன்னுலிங்கம் ஆபீஸப் பூட்டிட்டா அப்புறம் நாளைக்குத்தான். பெலிக்ஸ், வண்டிய எடுன்னேன். எங்க மைனி. ஆபீஸுக்கு. மைனி, சொல்லிராதீங்க மைனி, அண்ணனுக்குத் தண்டல் போயிரும்னு கைய கையப் பெசையுதான். போவட்டும். தோணிய யாரு வேணும்னாலும் ஓட்டிட்டுப் போவட்டும், இவரு மாலத்தீவுல எறங்குன ஒடனே ஆஸ்பத்திரி, அத நானே அவருகிட்ட சொல்லுதேன், எல்லாத் தண்டலும் கேக்க. வந்து மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஆயுசு பூரா கட்டுல்ல கெடக்கட்டும், கெடந்தாப் போதும். ஆபீஸ் உள்ள பொம்பள போவப்பிடாதே மைனி, மைக்கத் தொட்டா காத்துன்னு ஆரம்பிச்சான். எலே கூறுகெட்டவனே, நான் இத்தன நாளா அந்த மைக்குல தெனமும் ஏசிக்கிட்டுத்தான இருக்கேன், எந்தக் காத்து மாறிச்சு, எடு வண்டியன்னேன். போனான். ஜெபநேசன் லைட்டுப் போடக் கைய ஸ்விட்சு கிட்ட கொண்டு போறான், அப்ப இது வேண்டாமாக்காங்கான். ஏவாரி புத்தி. லைட்டு போடாதீங்க அண்ணாச்சி, இந்தப் பொட்டியையும் அணைக்காதீங்க, இதே நம்பர்ல இப்ப நான் பேசுவேன், என் கொரல் என் கொரலாட்டம் வந்துச்சுன்னா இதையே எடுத்துக்கிடுதேன், ஆனா நான் வார வரைக்கும் அந்தச் சக்கரத்துல மட்டும் கை வச்சிராதீங்கன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.